கீரைப் பாத்திக்கு எத்தனை வாளித் தண்ணீர்?



இந்தப் பகுதியில் வழக்கமாக நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசுவோம். இம்முறை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கீரைப் பாத்தியைப் பற்றிப் பேசப் போகிறேன். "சுகாதாரப் பகுதியில் கீரைப் பாத்திக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். சட்டியில் கீரை வேகாத வீட்டில்தான் மருந்துச் சீட்டு நிறைய சேருகிறது. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து வந்த ஓர் அக்கா, முகம் கூடக் கழுவாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். பத்தடி நீளம், நாலடி அகலம் உள்ள ஒரே ஒரு முளைக்கீரைப் பாத்தி. அதற்குக் காலையில் நாலு வாளி, மாலையில் நாலு வாளி. அப்படியும் கீரை மஞ்சளாய்ப் போய், விரல் கனத்துத் தண்டோடு நோஞ்சானாக நின்றது.

"பாருங்க தம்பி, இடுப்பு ஒடிய ஊத்துறேன். இன்னும் வளர மாட்டேங்குது. இன்னும் ரெண்டு வாளி ஊத்தணுமோ?" என்று கேட்டார்.

நான் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். சொதசொதவென்று ஈரம். செம்மண், களிமண் போலப் பிசுபிசுத்தது. ஒரு மண்புழு இல்லை, ஒரு மக்கிய இலை இல்லை. "தண்ணி தாராளமா இருக்கு அக்கா. மண்ணுக்குத்தான் பசி" என்றேன்.

இந்த வாரம் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கீரைக்கு வாளியைக் குறையுங்கள், எருவைக் கூட்டுங்கள். இதனால் கீரையும் தேறும், உங்கள் இடுப்பும் பிழைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

பினாங்கு வெயிலில் கீரைப் பாத்தி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர் நீரை இழக்கும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். அக்காவின் பாத்தி நாலு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, மழையில்லாத நாளில் அதற்குத் தேவை 20 லிட்டர். அதாவது 10 லிட்டர் வாளியில் இரண்டு வாளி. அக்கா ஊற்றியதோ எட்டு வாளி! ஒரு வாளி 10 கிலோ என்றால் தினம் 80 கிலோ தூக்குகிறார். அதில் 60 கிலோ வீண் சுமை. நாள் பூராவும் வேலை செய்துவிட்டு வந்த உடம்புக்கு இது தேவையா?

வீண் சுமை மட்டும் என்றால்கூடப் போகட்டும். மிஞ்சிய தண்ணீர் சும்மா போவதில்லை. இலைக்குப் பச்சை நிறத்தையும் வளர்ச்சியையும் கொடுப்பது தழைச்சத்து. அது தண்ணீரில் கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். முளைக்கீரை, சாவி போன்றவற்றின் வேர் பெரும்பாலும் மேல் மண்ணில், ஓர் அடிக்குள்தான் இருக்கிறது. அதற்குக் கீழே போன சத்து நமக்கு இல்லை. போதாததற்கு, எந்நேரமும் ஈரத்தில் கிடக்கும் வேருக்கு மூச்சு முட்டும், நாற்று அழுகும். இலை மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்தால் நாம் என்ன செய்கிறோம்? "தண்ணி பத்தல" என்று இன்னும் ஊற்றுகிறோம். அப்புறம் ஒரு பிடி யூரியாவை வீசுகிறோம். அடுத்த நாள் ஊற்றும் தண்ணீர் அதையும் அடித்துக்கொண்டு போகிறது. தண்ணீர் ஊற்ற ஊற்றச் சத்து ஓடும். சத்து ஓட ஓட யூரியா தேடும். இது கடன்காரன் கணக்கு மாதிரி, முடிவே இல்லாதது.

எத்தனை வேளை ஊற்றுவது?

இது மண்ணைப் பொறுத்தது. கடற்கரைப் பக்கத்து மணல் மண் ஓட்டைப் பானை; ஒரேயடியாக ஊற்றினால் நிற்காது. அங்கே அதே இரண்டு வாளியைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்து ஊற்ற வேண்டும். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே காலையில் ஒரு வேளை போதும். விதை போட்ட முதல் பத்து நாள் மட்டும் எந்த மண்ணானாலும் பூவாளியால் காலை, மாலை இரு வேளை மெல்லத் தெளியுங்கள். வாளியைக் கவிழ்த்தால் விதை ஓடிவிடும்.

நம் ஊரில் நாள்காட்டியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடந்து போகும்போது கால் கொதிக்கிறது அல்லவா? அந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் கீரைக்குத் தண்ணீர் அவசியம். செப்டம்பர், அக்டோபரில், தீபாவளிக்கு முந்திய மழையில், பல நாள் வாளியைத் தொடவே வேண்டாம். அப்போது பாத்தியை ஓர் அரை அடி உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றுவதுதான் வேலை.

விரல்தான் நமக்கு அளவுகோல். காலையில் சுட்டுவிரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரமாக ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். உலர்ந்து உதிர்ந்தால் ஊற்றுங்கள். மத்தியான வெயிலில் இலை துவள்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாயங்காலம் தானே நிமிர்ந்தால் அதற்குத் தாகம் இல்லை. காலையிலும் துவண்டு நின்றால்தான் தாகம். இரவு நேரத்தில் இலை நனைய ஊற்றாதீர்கள்; ஈர இலையில் பூஞ்சணம் சீக்கிரம் வரும்.

எரு செய்யும் வேலை

நன்றாக மக்கிய எரு மண்ணில் பஞ்சு மாதிரி. மணலில் போட்டால் தண்ணீரைப் பிடித்து வைக்கும்; களிமண்ணில் போட்டால் இறுக்கத்தைத் தளர்த்தி வேருக்குக் காற்று விடும். சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக, கீரைக்கு வேண்டிய வேகத்தில் விடும். வள்ளுவர் உழவைப் பற்றிச் சொல்லும்போது, உழுவதைவிட எரு இடுவது நல்லது என்றார். நம் பாட்டன்மார் ஊரிலிருந்து கப்பல் ஏறும்போது இந்த அறிவையும் கூடவே கொண்டு வந்தார்கள். நாம்தான் யூரியா மூட்டையைப் பார்த்ததும் மறந்துவிட்டோம்.

ஆனால் ஒன்று. நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் எரு வேகமாகக் கரைந்துவிடும். ஒரு தரம் போட்டுவிட்டு ஐந்து வருடம் சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு தடவை விதைக்கும் முன்பும் ஒரு சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிலோ, அதாவது அக்காவின் பாத்திக்கு 10 கிலோ அளவு, மேல் மண்ணில் கலந்து ஒரு வாரம் விட வேண்டும். செடி நாலு விரல் உயரம் வந்ததும் காய்ந்த புல்லையோ இலையையோ பாத்தியில் பரப்புங்கள். வெயில் மண்ணைத் தொடாது, ஈரம் நிற்கும், மழையில் மண் தெறித்து இலையில் ஒட்டாது.

எரு எப்படிச் செய்வது? மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரத்துக்கு ஒரு குவியல். காய்ந்த இலை, புல் மூன்று பங்கு. சமையலறைக் காய்கறிக் கழிவு, பச்சைத் தழை, சாணம் ஒரு பங்கு. அடுக்கடுக்காகப் போடுங்கள். பிழிந்த துணியளவு ஈரம் இருந்தால் போதும். மேலே பழைய தகரம் ஒன்றை வையுங்கள், மழை உள்ளே போகாது. நடுவில் கை வைக்க முடியாத சூடு ஏறும். அந்தச் சூடுதான் கிருமியையும் களை விதையையும் கொல்லும். வாரம் ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, உதிரியாக, மழை பெய்த மண் வாசனை வரும். நாற்றம் அடித்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம்.

அவசரப்பட்டுப் பச்சைக் கோழி எருவைப் போடாதீர்கள். அது வேரைச் சுடும், ஈ மொய்க்கும், வயிற்றுப்போக்குக் கிருமி இலைக்கு ஏறும். மரத்தூளையும் மக்காமல் போடக்கூடாது. அது மக்குவதற்காக மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், கீரை வெளுத்துவிடும்.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள்

நாலு பழைய அரிசிப் பை எடுங்கள். இரண்டில் வெறும் மண். மற்ற இரண்டில் மூன்று பங்கு மண்ணும் ஒரு பங்கு மக்கிய எருவும். எல்லாவற்றிலும் ஒரே விதை, ஒரே வெயில். முளைத்த பிறகு பைக்கு ஐந்து செடி மட்டும் விடுங்கள். பத்தாம் நாளிலிருந்து, வெறும் மண் பையில் ஒன்றுக்குத் தினம் ஒரு வேளை, மற்றதற்கு இரு வேளை. எருப் பையிலும் அதே மாதிரி. ஒவ்வொரு வேளைக்கும் ஒரே குவளை அளவு. 28-ஆம் நாள் பிடுங்கி, வேரை வெட்டி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

எருவும் ஒரு வேளைத் தண்ணீரும் பெற்ற பை, வெறும் மண்ணும் இரு வேளைத் தண்ணீரும் பெற்ற பையைத் தோற்கடிக்கும் என்பது என் கணிப்பு. பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். பள்ளிக்கூடத்து அறிவியல் பாடம் வீட்டு வாசலிலேயே நடக்கும். அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன குடும்பங்களும் இதே பையில் கீரை போடலாம். நாலு மணி நேர வெயில் படும் இடம் இருந்தால் போதும்.

தண்ணீர் எப்போதும் வரும் என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் நாலு நாள் குழாய்த் தண்ணீர் தடைப்பட்டது நினைவிருக்கும். குடிக்கவே தண்ணீரைச் சேமித்தோம். கீரைக்கு எங்கே போவது? அந்த மாதிரி நாட்களில் எருவும் மூடாக்கும் உள்ள பாத்திதான் தாக்குப்பிடிக்கும்.

உடம்புக்கு என்ன லாபம்?

நம் நாட்டில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு என்ன சொன்னது? பெரியவர்கள் நூற்றுக்குச் சுமார் 95 பேர் போதிய காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு இரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லும் நம் பெண்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

முளைக்கீரையில் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, கண்ணுக்கு நல்லதான 'ஏ' சத்து எல்லாம் இருக்கின்றன. ஆனால் கீரையின் இரும்பு, இறைச்சியின் இரும்பு போல உடம்பில் சுலபமாகச் சேராது. கூடவே எலுமிச்சையோ தக்காளியோ சேர்த்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் பாதி வீண்; ஒரு மணி நேரம் பொறுங்கள். இரத்தசோகை என்று கிளினிக்கில் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிட்டுக் கீரையை மட்டும் நம்பாதீர்கள். இரண்டும் வேண்டும்.

"எரு போட்ட கீரையில் சத்து இரட்டிப்பு" என்று சிலர் மேடையில் முழங்குவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இலைக்குள் இருக்கும் சத்தில் பெரிய வித்தியாசம் எப்போதும் வரும் என்று ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தவில்லை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. விளைச்சல் கூடினால் வாரம் ஒரு நாள் தின்ற கீரையை நாலு நாள் தின்னலாம். பறித்த உடனே சட்டிக்குப் போகிறது. என்ன மருந்து அடித்தார்கள் என்ற பயம் இல்லை. அளவுக்கு மீறி யூரியா போட்ட கீரையில், வெயிலும் குறைவாக இருந்தால், நைட்ரேட் அதிகம் தங்கும். அந்தத் தொல்லையும் குறைகிறது.

இது நம் மக்களிடையே முன்பே பார்த்த விஷயம்தான். இந்தியாவில் இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற விஞ்ஞானி, நான் மேலே சொன்ன மாதிரி அடுக்கடுக்காக எரு செய்யும் முறையை வகுத்தார். சிங்கப்பூரின் தலைமைச் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் ஷார்ஃப், 1940-ஆம் ஆண்டு வாக்கில், தம் இலாகாவில் வேலை செய்த சுமார் 500 தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு, அந்த எருவில் காய்கறி பயிரிடச் செய்தார். அதைத் தின்ற குடும்பங்களின் உடல்நலம் நன்றாகத் தேறியது என்று எழுதினார். அது தேறியது எருவாலா, அல்லது வயிறார காய்கறி கிடைத்ததாலா என்று பிரித்துச் சொல்ல அவரிடம் கணக்கு இல்லை. எனக்கு அதில் கவலையும் இல்லை. காலடியில் கொஞ்சம் நிலமும் நல்ல எருவும் கிடைத்தபோது நம்மவர்கள் விளைவித்துக் காட்டினார்கள் என்பதே போதும்.

தோட்டத்தில் மட்டும் உள்ள ஆபத்து

இதைக் கவனமாகப் படியுங்கள். பட்டணத்துப் புத்தகங்களில் இது இருக்காது.

மருந்து வந்த பிளாஸ்டிக் தோம்பைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எத்தனை தரம் கழுவினாலும் அது விஷத் தோம்புதான். குடிக்கவும் கூடாது, கீரைக்கு ஊற்றவும் கூடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி நம் பெண்களின் நகத்தையும் தோலையும் கண்ணையும் என்ன பாடு படுத்தியது என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் தடை செய்வதாக 2002-இல் அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. பழைய தோம்புகளுக்கு அந்தத் தேதி தெரியாது!

மருந்தடித்த நிரையில் வெட்டிய புல்லை எருக்குழியில் போடாதீர்கள். மருந்து ஓடும் கால்வாயில் முளைத்த கங்கோங் கீரையைப் பறிக்காதீர்கள். மருந்தடித்துவிட்டு வந்த உடையோடும் கையோடும் பாத்திக்குள் இறங்காதீர்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கும் வாளியையும் தொட்டியையும் மூடி வையுங்கள். கொசு முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் பறக்க ஆரம்பித்துவிடும். வாரம் ஒரு தடவை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் டெங்கிக்கு இடமில்லை. கீரைக்காகத் தண்ணீர் வைத்து, பிள்ளையைக் காய்ச்சலில் கிடத்தக் கூடாது.

நிலம் கேட்பது தவறில்லை

"எல்லாம் சரி அண்ணே, போட இடம் எங்கே?" என்று கேட்கிறீர்கள். நியாயம். 1923-இல் மலாயாவில் வந்த தொழிலாளர் சட்டத்தில், குடும்பம் உள்ள இந்தியத் தொழிலாளி ஒருவருக்கு ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2,700 சதுர அடி, பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே காய்கறிப் பாத்தியைத் தொழிலாளியின் உடல்நலத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1990-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், தோட்டத்து வீடுகளுக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே லயத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் பாத்தி போட அனுமதியும், பக்கத்தில் ஒரு குழாயும், செம்பனை ஆலையில் மிஞ்சும் வெறுங்குலையில் கொஞ்சமும் கேட்பது பிச்சை அல்ல. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். பத்துக் குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் பார்ப்பார்கள்.

எரு போடும் முறையை நேரில் கற்க விரும்பினால், ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இயற்கை வேளாண்மையைப் பற்றி மக்களுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறது. ஒரு கிளையிலிருந்து இரண்டு பேர் போய்க் கற்று வந்தால் போதும், மற்றவர்களுக்கு அவர்கள் சொல்வார்கள்.

கடைசியாக வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. குழாயடியிலிருந்து பாத்திவரை தண்ணீர் சுமப்பது பெண்கள் வேலை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? வாரம் ஒரு தடவை எருக்குவியலைப் புரட்டிப் போட அரை மணி நேரம் ஆகும். அதை நீங்கள் செய்யுங்கள். அந்த அரை மணி நேரம், உங்கள் மனைவி வாரம் முழுதும் தூக்கும் வாளிகளைக் குறைக்கும்.

நான் முதலில் சொன்ன அக்கா இப்போது எருக்குவியல் போட்டிருக்கிறார். எட்டு வாளி இரண்டாகிவிட்டது. "கீரை எப்படி அக்கா?" என்று கேட்டேன். "அது கெடக்கட்டும் தம்பி, மொதல்ல சாயங்காலம் கொஞ்ச நேரம் உக்கார முடியுது" என்றார். கீரை அடுத்த மாதம் வரும். அந்தக் கொஞ்ச நேரம் இன்றைக்கே வந்துவிட்டது.